அம்பை ஸ்டேஷனும் மூன்றடுக்குப் படுக்கையும்

விக்கிரமசிங்கபுரத்துக்கு ஆறு உண்டு, பக்கத்திலேயே அருவி உண்டு, மில் உண்டு, கல்லூரி உண்டு. ரயில் நிலையம் மட்டும் கிடையாது. வண்டி பிடிக்க வேண்டுமானால் பஸ் ஏறி அம்பைக்குப் போக வேண்டும். ஆனாலும் நம் ஊர்க்காரர்களைப் போல ரயிலைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிழைப்புக்காக மெட்ராசுக்கும் பம்பாய்க்கும் போனவர்கள், கட்டிக்கொடுத்துப் போன பெண்பிள்ளைகள், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையன் கோயிலுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் என்று எல்லாரும் வந்து இறங்கியதும் முதலில் சொல்வது ரயிலில் இடம் கிடைத்த கதையைத்தான். “எப்படி வந்தீய? படுத்துட்டு வந்தீயளா, உக்காந்துட்டா?” என்று வாசலிலேயே கேட்டுவிடுவார்கள். சாப்பிட்டாயா என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.

இந்த மலரில் கல்லூரி நாட்களைப் பற்றிப் பலரும் அழகாக எழுதியிருப்பார்கள். நான் அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ராத்திரிப் பயணத்தில் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள் எப்போதிருந்து காலை நீட்டிப் படுக்க ஆரம்பித்தார்கள்? மாணவத் தம்பி தங்கையருக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. கைபேசியில் நாலு தட்டுத் தட்டினால் படுக்கை எண் வந்துவிடுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் நூறு வருஷத்து வரலாறு இருக்கிறது, அதில் பாதி நம் தாமிரபரணிக் கரையிலேயே நடந்தது.

முதலில் பாதையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876ல். ஹார்வி கம்பெனியார் அருவித் தண்ணீரின் வேகத்தை நம்பி நம் ஊரில் திருநெல்வேலி மில்லைத் தொடங்கியது 1885ல். அம்பைப் பக்கத்துக்கு ரயில் வரவோ இன்னும் பதினேழு, பதினெட்டு வருஷம் ஆயிற்று. அதாவது மில் ஓட ஆரம்பித்து ஒரு தலைமுறை வளர்ந்து ஆளாகும்வரை, உள்ளே வர வேண்டிய பஞ்சும் வெளியே போக வேண்டிய நூலும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மாட்டு வண்டியில்தான் போய் வந்திருக்க வேண்டும். 1902 ஜூன் 1ஆம் தேதி திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை மீட்டர்கேஜ் பாதை திறந்தது. கல்லிடைக்கும் அம்பைக்கும் நடுவே ஆறு கிடக்கிறதே, அதைத் தாண்டிச் செங்கோட்டை வரை போனது 1903 ஆகஸ்டில். மறு வருஷம் 1904ல் மலையைக் குடைந்து, கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் கட்டி, புனலூர் வழியாகக் கொல்லத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழாம்பூர், ஆழ்வார்குறிச்சி, ரவணசமுத்திரம், கீழக்கடையம்… இந்தப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், ஒரு தாளம் வரும். நாதசுரச் சக்கரவர்த்தி அருணாசலத்தின் ஊர் ஒன்று, அப்பளத்தின் ஊர் ஒன்று. கடலூரில் கைதாகி விடுதலையான பாரதியார் 1918 கடைசியில் வந்து இரண்டு வருஷம் போல இருந்த செல்லம்மாளின் ஊர் ஒன்று. சின்னக் கிளைப் பாதைதான். ஆனால் இதில் ஏறித் திருநெல்வேலியில் மாறினால் மெட்ராஸ், அந்தப் பக்கம் தூத்துக்குடி போனால் கப்பலில் கொழும்பு என்று அந்தக் காலத்திலேயே உலகம் இதன் நுனியில் கட்டப்பட்டிருந்தது.

நம் ஜில்லாவில் மிகப் பிரபலமான ரயில் பயணம் எது என்று கேட்டால் எல்லாரும் மணியாச்சியைத்தான் சொல்வார்கள். 1911 ஜூன் 17. கலெக்டர் ஆஷ் தன் மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டிருந்தார். ஆமாம், அது ஒரு விடுமுறைப் பயணம். திருநெல்வேலியில் ஏறி, மணியாச்சியில் தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தபோதுதான் செங்கோட்டை வாஞ்சிநாதன் உள்ளே ஏறிச் சுட்டார். 1908ல் தூத்துக்குடிக் கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்ததே, அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து அடக்கியவர் இதே ஆஷ். அந்த மில்லும் ஹார்விகளுடையதுதான், நம் மில்லின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரலாற்றைப் பலரும் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் கண்ணில் படுவது வேறொன்று. கணவனும் மனைவியும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெட்டி. அந்தக் காலத்து முதல் வகுப்பு என்றால் அதுதான்: மெத்தை இருக்கை, ராத்திரியானால் அதுவே படுக்கை, வேற்றாள் யாரும் வர மாட்டார்கள். அதே வண்டியில் பின்னால் மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ!

அந்த மூன்றாம் வகுப்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் காந்தியடிகள் 1917ல் எழுதிய கட்டுரையைப் படிக்க வேண்டும். பம்பாயிலிருந்து மெட்ராசுக்கு அவர் மூன்றாம் வகுப்பில் வந்தார். பெட்டியில் 22 பேர் போகலாம் என்று எழுதியிருந்தது. 22 பேர் உட்காரலாமே தவிர, படுக்க வசதி எதுவுமில்லை. இடையில் இரண்டு ராத்திரி. வழியில் ஜனங்கள் ஏறி ஏறி அந்தக் கணக்கும் கடந்துபோயிற்று. முதல் வகுப்புக்காரர் ஐந்து மடங்குக்கு மேல் கட்டணம் கொடுக்கிறார் என்பது சரி, நமக்கு அவருடைய வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது உண்டா என்று அவர் கேட்டிருந்தார். ரயில் கம்பெனிகளுக்குப் பெரும்பணம் மூன்றாம் வகுப்பிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கேள்வியின் சூடு புரியும்.

படுக்கை இல்லாத குறை ஒரு பக்கம். கூட உட்கார்ந்து சாப்பிடுவதிலேயே பிரச்சினை இருந்த காலம் அது. தென்னிந்திய ரயில்வே ஸ்டேஷன்களில் சாப்பாட்டு அறைகள் பிராமணருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று பிரிந்திருந்தன. பெரியார் இயக்கத்தார் விடாமல் எதிர்த்து, அந்தப் பிரிவு 1941ல்தான் போயிற்று. நம் பாதையிலேயே இதற்கு ஒரு பெரிய அத்தியாயம் உண்டு. வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போட்டதால் எழுந்த சண்டை, 1924, 25ல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கிவிட்டது. பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறப் பாதை போட்ட சண்டைகளில் அதுவும் ஒன்று. ஐயர் அதே 1925ல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம் பாபநாசத்துக்கு வந்தபோது, வெள்ளத்தில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய்த் தாமும் கல்யாண தீர்த்தத்தில் மறைந்தார். கல்யாண தீர்த்தத்துக்குப் போகும் மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கேவலம் என்றும் நினைக்க வேண்டாம். படுக்கை ரயிலைப் பெரிய வியாபாரமாக ஆக்கியவர் அமெரிக்காவின் ஜார்ஜ் புல்மன். 1860களில் அவர் விட்ட பெட்டிகளில் படுக்கை விரித்துக்கொடுக்கும் ஆட்களாகப் பெரும்பாலும் கறுப்பு இனத்தாரைத்தான் வைத்தார். அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்கள் அவர்கள். ராத்திரி முழுக்கப் பிறருக்கு மெத்தை விரித்த அந்த மனுஷன், தன் குடும்பத்தோடு தென் மாநிலங்களில் பயணம் செய்தால் தனிப் பெட்டியில் போய் உட்கார வேண்டும். அவர்களும் 1925ல்தான் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் வைத்தார்கள்.

நம் கதைக்கு வருவோம். சுதந்திரம் வந்து, 1955ல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். தொழிற்சாலை தொடங்கி, அந்தப் பத்தாண்டில்தான் மூன்றாம் வகுப்புக்காரர்களுக்கும் படுக்கைப் பெட்டிகள் வரத் தொடங்கின. அப்போதும் வெறும் மரப்பலகைதான். வசதியுள்ளவர்கள் ஹோல்டாலைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வருவார்கள். இல்லாதவர்கள் வேட்டியை மடித்து விரித்துக்கொள்வார்கள். 1974ல் ‘மூன்றாம் வகுப்பு’ என்ற பெயரை எடுத்து எல்லாவற்றையும் ‘இரண்டாம் வகுப்பு’ ஆக்கினார்கள். பெயர்தான் மாறியது, பலகை மாறவில்லை. பலகையை மாற்றியவர் 1977ல் ஜனதா ஆட்சியில் ரயில்வே மந்திரியாக வந்த மது தண்டவதே. இரண்டாம் வகுப்புப் படுக்கைகளில் இரண்டு அங்குல நுரைமெத்தை வைக்கச் சொன்னார். அதே வருஷம் டிசம்பரில் வகுப்புப் பிரிவே இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரசை ஹௌராவுக்கும் பம்பாய்க்கும் இடையே ஓடவிட்டார். எத்தனையோ மந்திரிகள் எத்தனையோ பாதைகளைத் திறந்துவைத்துக் கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டு அங்குலத்துக்கு ஈடாக ஒன்றும் வராது. ஆனால் அதற்குக் கல்வெட்டு எங்கேயும் இல்லை.

அந்த இரண்டு அங்குலத்தில் நான் முதன்முதலாகப் படுத்தது 1984 மே மாதம், பட்டம் வாங்கிய மறு வருஷம். எங்க அப்பா மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார்கள். சித்தப்பா மெட்ராசில் குடித்தனம் போட்டிருந்தார்கள். “ஒரு வாட்டி எல்லாரும் வந்து கடலைப் பாத்துட்டுப் போங்க” என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவார்கள். அப்பா, அம்மா, ஆச்சி, நான், இரண்டு தங்கச்சிமார். ஜங்ஷனுக்குப் போய் ரிசர்வேஷன் கவுண்டரில் வரிசையில் நின்று, படிவம் எழுதிக் கொடுத்து, அவர் பெரிய லெட்ஜரைப் புரட்டிப் பேர் எழுதி, அட்டை டிக்கெட்டைத் தந்தார். கம்ப்யூட்டர் எல்லாம் அதற்கு அப்புறம் வந்ததுதான். அந்த அட்டையை அப்பா பயணம் வரைக்கும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

அம்பையில் கரி எஞ்சின் பாசஞ்சர். ஜன்னலோரம் உட்கார அடித்துக்கொண்டு, கண்ணில் கரி விழுந்து அழுத தங்கச்சி. திருநெல்வேலியில் இறங்கி நெல்லை எக்ஸ்பிரஸ். அம்மா கொண்டுவந்தது மிளகாய்ப்பொடி தடவின இட்லி, புளியோதரை, கூஜாவில் தண்ணீர். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கினோம். இதெல்லாம் உங்கள் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான், நீட்டவில்லை.

நான் சொல்ல வந்தது ஆச்சியைப் பற்றி. ராத்திரி ஒன்பது மணிக்கு நடுப் படுக்கையைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டியதும் ஆச்சி எழுந்து நின்றுகொண்டார்கள். கீழ்ப் படுக்கை ஆச்சிக்கு. எதிர் வரிசையில் வேற்று ஆட்கள் மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் ஆம்பளைகள். “என்னலே இது, ஊரு பேரு தெரியாத ஆம்பளையாளுக்கு முன்னால காலை நீட்டிப் படுக்கதா? நான் இருந்துக்கிடுதேன். நீங்க படுங்க” என்றார்கள். அப்பா கெஞ்சினார்கள். அம்மா சேலையைத் திரைபோலக் கட்டட்டுமா என்றார்கள். ஆச்சி அசையவில்லை. அப்புறம் மெதுவாக அம்மாவின் காதில் இன்னொன்றும் கேட்டார்கள். அது எனக்கும் கேட்டது. நமக்கு மேலே படுக்கிறவன் யாரு, என்ன ஆளுக, என்பதுதான் அது.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு என்று பேர் போட்டுவிட்டு இதை விட்டால் என்ன பிரயோஜனம்? எண்பதுகளில் நம் பக்கத்து ஊர்களில் தெருக்கள் எப்படிப் பிரிந்திருந்தன, டீக்கடை பெஞ்சில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வயதுக்காரர்களுக்குத் தெரியும். அப்படி வளர்ந்தவர்களை, ஒரு லெட்ஜரில் வந்த வரிசைப்படி, ஒருவர் தலைக்கு மேலே இன்னொருவர் காலாக அடுக்கி எழுநூறு கிலோமீட்டர் போலக் கொண்டுபோனது இந்தப் பெட்டி. மேலே யார், கீழே யார் என்று தீர்மானித்தது எண் மட்டும். அந்த எண்ணைக் கொடுத்த குமாஸ்தாவுக்கு நம் தெரு தெரியாது. தெரிந்தாலும் லெட்ஜரில் அதற்குக் கட்டம் கிடையாது.

எதிர்ப் படுக்கையில் ஒரு வயதான அம்மா, ராஜபாளையத்துப் பக்கம் பேச்சு. ஆச்சி நிற்பதைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்து வெற்றிலைப் பையைத் திறந்தார்கள். “வாங்க மதினி, ஒரு வாய் போடுங்க” என்றார்கள். அரை மணி நேரம் இரண்டு பேரும் பாக்கு இடித்துக்கொண்டு மருமகள்மாரைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் அந்த அம்மா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். ஆச்சியும் படுத்தார்கள். அவர்கள் என்ன ஆளுக என்று ஆச்சி கேட்டார்களா, கேட்காமலேயே விட்டார்களா, நான் கவனிக்கவில்லை. திண்டுக்கல் வருவதற்குள் நான் மேல் படுக்கையில் தூங்கிப்போனேன்.

அன்று தூங்காத ஒரே ஆள் அப்பாதான். வருஷக்கணக்காக ராத்திரி ஷிப்ட் பார்த்த உடம்பு. இருட்டினால் விழித்துக்கொள்ளும், விடிந்தால் சாயும். விழுப்புரத்தில் மின்சார எஞ்சின் மாற்றினதை அவர்கள் ஒருவர்தான் பார்த்தார்கள். காலையில் தாம்பரம் தாண்டும்போது எல்லாரும் பல் தேய்த்துக்கொண்டிருக்க, அப்பா நடுப் படுக்கையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழும்பூரில் இறங்கி மெரினா, மூர் மார்க்கெட், வள்ளுவர் கோட்டம் எல்லாம் பார்த்தோம். ஆச்சி ஊருக்குத் திரும்பியபின் பக்கத்து வீட்டில் சொன்னது கடலைப் பற்றி இல்லை. “வீடு மாதிரிப் படுத்துட்டே போனோம் பாத்துக்க” என்பதைத்தான் ஒரு மாசம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

படுக்கைப் பெட்டியின் கணக்கு ஒன்றை மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன், ஆயுசுக்கும் உதவும். பழைய ஐ.சி.எஃப். அகலப்பாதைப் பெட்டியில் 72 படுக்கை, இப்போதைய எல்.எச்.பி. பெட்டியில் 80. உங்கள் எண்ணை எட்டால் வகுங்கள். மீதி 1, 4 வந்தால் கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 வந்தால் சைடு கீழ். மீதியே இல்லாவிட்டால் சைடு மேல். ரஷ்யாவிலும் இதே மாதிரி நடைபாதையோரம் சைடு படுக்கை வைத்த திறந்த பெட்டிகள் உண்டு. அங்கே 54 படுக்கைதான். நம்மவர்கள் 2007 வாக்கில் சைடிலும் நடுப் படுக்கை ஒன்றைச் செருகிப் பார்த்தார்கள். அதில் ஒரு ராத்திரி படுத்தவர்கள் சவப்பெட்டி என்றே சொன்னார்கள். கூச்சல் தாங்காமல் இரண்டொரு வருஷத்தில் கழற்றிவிட்டார்கள். தூங்கும் நேரம் ராத்திரி 10 முதல் காலை 6 வரை என்று 2017ல் விதியை மாற்றினார்கள். நடுப் படுக்கைக்காரர் அதற்கு முன்னால் தூக்கி மாட்டினால் கீழ்ப் படுக்கைக்காரர் தாராளமாகச் சண்டை போடலாம்.

இனி நம் பாதை பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் மதுரைக்குத் தெற்கே அகலப்பாதை வந்தது. மெட்ராஸ் பக்கமும் அந்தப் பத்தாண்டின் கடைசியில் முடிந்தது. விருதுநகர், ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை 2004ல் அகலமாக்கி, பொதிகை எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்தது. நம் திருநெல்வேலி, அம்பை, தென்காசிப் பாதை மட்டும் மீட்டர்கேஜாகவே கிடந்தது. வேலைக்காக மூடி, கடைசியில் அகலமாகி மறுபடி திறந்தது 2012ல். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் 2010ல் மூடிய மலைப்பாதை 2018ல்தான் திறந்தது. அந்த வருஷமே பாலருவி எக்ஸ்பிரஸ் நம் வழியாகத் திருநெல்வேலி வரை வந்தது. பாலக்காட்டுக்குப் படுத்துக்கொண்டு போக வழி பிறந்தது, சென்னைக்குப் பிறக்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ பஸ்சில் போய்த்தான் வண்டி பிடிக்க வேண்டும். இடையிடையே சிறப்பு ரயில்கள் வந்து போயின. ஆம்னி பஸ்காரர்கள் பிழைத்தார்கள்.

2023 ஏப்ரல் 8ஆம் தேதி தாம்பரம், செங்கோட்டை எக்ஸ்பிரசைப் பிரதமர் தொடங்கிவைத்தார். தாம்பரத்தில் கிளம்பி விழுப்புரம், மயிலாடுதுறை, திருவாரூர், காரைக்குடி, அருப்புக்கோட்டை, விருதுநகர், திருநெல்வேலி, அம்பை, தென்காசி என்று சோழ நாட்டையும் பாண்டிய நாட்டையும் ஒரு சுற்றுச் சுற்றி வரும் வண்டி. முதலில் வாரம் ஒரு முறை, பிறகு மூன்று முறை. நேரம் அதிகம் பிடிக்கும். ஆனாலும் அம்பை பிளாட்பாரத்தில் ஏறி, அப்படியே படுத்து, தாம்பரத்தில் எழுந்திருக்கலாம். 1903க்கும் 2023க்கும் இடையே 120 வருஷம். அதே வருஷம் செப்டம்பர் 24 முதல் சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் வந்தே பாரத் ஓடுகிறது. 650 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. அருமையான வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது உட்கார்ந்து போகும் வண்டி, டிக்கெட்டும் மில் தொழிலாளி ஒருவர் ஆறு பேரை அழைத்துக்கொண்டு போகிற விலை இல்லை.

எனக்கு உறுத்துகிற சங்கதி வேறு. கடந்த சில வருஷங்களாகப் பல வண்டிகளில் சாதாரணப் படுக்கைப் பெட்டிகளைக் குறைத்து, ஏ.சி. மூன்றடுக்குப் பெட்டிகளைச் சேர்த்து வருகிறார்கள். 2021ல் 83 படுக்கையோடு சிக்கன ஏ.சி. என்று ஒன்றையும் கொண்டுவந்தார்கள். ஜனங்களுக்கு ஏ.சி. வேண்டியிருக்கிறது, மே மாத வெயிலில் யாருக்குத்தான் வேண்டாம்? ரயில்வேக்கும் அதில்தான் வரும்படி. அந்தப் பக்கத்து நியாயத்தை மறுக்கவில்லை. ஏ.சி. இல்லாத படுக்கைப் பெட்டிகளோடு 2023 டிசம்பரில் அம்ரித் பாரத் வண்டிகளை விட்டதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தீபாவளி, பொங்கலுக்கு நம் பக்கம் வரும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சாதாரணப் படுக்கைப் பெட்டியில் காத்திருப்புப் பட்டியல் நூறைத் தாண்டி நிற்கிறது. இடம் கிடைக்காதவர்கள் முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை வாசல் வரை உட்கார்ந்து வருகிறார்கள். ஒரு பெட்டியைக் கழற்றினால் ஒரு ராத்திரிக்கு 72, 80 பேர் காந்தியடிகள் பார்த்த அந்தப் பெட்டிக்குத் திரும்பிப் போகிறார்கள். சென்னையில் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போயிருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள், நம் கல்லூரியிலேயே குடும்பத்தில் முதலாவதாகப் படித்துவிட்டு வேலை தேடிப் போகிறவர்கள், அவர்கள்தான் அந்த 72 பேர். சங்கத்தின் சார்பில் ரயில்வேக்கு மனு கொடுக்கிறவர்கள், புதிய வண்டி வேண்டும், தினசரி வண்டி வேண்டும் என்று கேட்கும்போது, அதில் எத்தனை சாதாரணப் படுக்கைப் பெட்டி என்பதையும் ஒரு வரி சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

கடைசியாக ஒரு சொந்தச் சங்கதி. முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து வருகிற நண்பர்கள் தேதி அறிவித்ததும் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் போனது போனதுதான். அறுபது தாண்டிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் இடமிருந்தால் கீழ்ப் படுக்கை தருவது மட்டும் இன்னும் இருக்கிறது. நாம் எல்லாரும் சேர்ந்து ஒரே டிக்கெட்டாகப் போட்டால் அது சரியாகக் கிடைப்பதில்லை, இரண்டிரண்டு பேராகப் போடுங்கள். எனக்கு முழங்கால் போய்விட்டது. எட்டால் வகுத்தால் 1 அல்லது 4 மீதி வருகிற எண்ணாகப் பார்த்து வாங்குங்கள்.